தார்ப்பாயை அவிழ்ப்பதற்கு முன்

வாசகர் கேள்வி – பதில்

வீடற்றோர் கூட்டமாகத் தங்கியிருக்கும் இடங்களை என்ன செய்வது என்று குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்களின் பெயரையும் வார்டு விவரத்தையும் நாங்களே நீக்கியிருக்கிறோம்.

கே: எங்கள் வார்டில் பாலத்தை ஒட்டிய புறம்போக்கில் பதினைந்து தார்ப்பாய்க் குடிசைகள். அறுபது பேர் இருக்கலாம். அய்யப்ப சீசனுக்கு முன் காலி செய்யச் சொல்கிறார்கள் மன்றத்தில் பாதிப்பேர். மழை முடியட்டும் என்கிறார்கள் மற்றவர்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. எதிலிருந்து தொடங்குவது? (நகர்மன்ற உறுப்பினர்)

ப: ‘அறுபது பேர் இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘இருக்கலாம்’ போகும்வரை எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்காதீர்கள். முதல் வேலை தலைக்கணக்கு. அதை இரவில்தான் எடுக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்குப் போனால் கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான் இருப்பார்கள். கொத்தனாருக்குக் கையாளாகப் போகிறவர் காலை ஏழுக்கே கிளம்பியிருப்பார். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர் திரும்ப இரவு பதினொன்று ஆகும். ஆகவே இரவு பதினொன்றரைக்கு மேல் ஒரு முறை, ஏழெட்டு நாள் கழித்து வேறொரு கிழமையில் இன்னொரு முறை எடுங்கள். சந்தை நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கணக்கு மாறும்.

குழுவில் மூன்று பேர் போதும். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஒருவருக்கு இந்தி தெரிந்திருக்கட்டும். போலீஸ் உடுப்பு வேண்டாம், அதைக் கண்டதும் பாதிப்பேர் இருட்டுக்குள் நழுவிவிடுவார்கள். முந்தின நாள் மாலையே போய், ‘நாளை ராத்திரி பேர் எழுத வருவோம், யாரையும் கிளப்ப வரவில்லை’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள்.

ஆளுக்கு ஒரு வரி. கூப்பிடும் பெயர், வயது, பேசும் மொழி, என்ன வேலை, எவ்வளவு காலமாக இங்கே, ரேஷன் கார்டு எந்த ஊரில், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், பிள்ளை எந்தப் பள்ளியில், தள்ளுவண்டி, ஆடு, நாய் உண்டா. மாத்திரைக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். காசநோய்க்கு ஆறு மாத மருந்து சாப்பிடுகிற ஒருவரை மூன்றாவது மாதத்தில் இடம் மாற்றிவிட்டு மருந்துத் தொடர்ச்சியை மறந்தால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக அது திரும்பி வரலாம். நிக்‌ஷய் என்ற காசநோயாளிப் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டால் புதிய இடத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சிகிச்சையை மாற்றலாம். 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாயாக இருக்கும் ஊட்டச்சத்து உதவித்தொகையும் தடைபடாது.

எழுதி முடித்ததும், அங்கே இருப்பது ஒரே கூட்டம் இல்லை என்பது தாளிலேயே தெரிந்துவிடும். தினக்கூலிக்குப் போகும் குடும்பம் இருக்கும். மாத வாடகையை அவர்களே கட்டிவிடுவார்கள், வீட்டுக்காரர் கேட்கும் அட்வான்ஸும் ‘உங்களுக்கெல்லாம் வீடு இல்லை’ என்ற பதிலும்தான் அவர்களைத் தார்ப்பாய்க்குள் வைத்திருக்கின்றன. சீசனுக்கு மட்டும் வந்து பாசிமணியும் பொம்மையும் விற்றுவிட்டு, தை பிறந்ததும் ஊர் திரும்புகிறவர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் கைவிட்ட முதியவர், ஒப்பந்தக்காரர் கூலி தராமல் விட்டுப்போன வடமாநிலத் தொழிலாளி, மனநலம் குன்றியவர், குடியிலிருந்து மீள முடியாதவர் என்று மற்றவர்கள். தினக்கூலிக் குடும்பத்துக்கு வேண்டியது அட்வான்ஸுக்கு ஒரு வழியும் ஊருக்குள் அறிந்த ஒருவரின் சிபாரிசும். தொழிலாளிக்கு வேண்டியது கூலி பாக்கிக்குத் தொழிலாளர் துறையில் ஒரு மனு. இத்தனை பேரையும் ஒரே லாரியில் ஏற்றி ஒரே மண்டபத்தில் இறக்கினால் பத்தாம் நாள் பாதிப்பேர் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள்.

பிறகுதான் இடம். 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தங்குமிடங்களுக்கு அளவு சொல்லியிருக்கிறது: ஒரு லட்சம் மக்களுக்கு 100 பேர் தங்கும் வசதி, ஆளுக்கு 50 சதுர அடி, ஆண்டு முழுவதும் நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி நாகர்கோவிலின் மக்கள்தொகை சுமார் 2.25 லட்சம். அந்த ஊருக்கு இந்தக் கணக்கில் 200 பேருக்கு மேல் இடம் வேண்டும். உங்கள் அறுபது பேருக்கு 3,000 சதுர அடி. ‘ஆயிரம் சதுர அடிச் சமுதாயக்கூடம் இருக்கிறதே’ என்று மன்றத்தில் யாராவது சொன்னால், அதில் இருபது பேர்தான் படுக்க முடியும் என்று எழுந்து சொல்லுங்கள்.

கடைசியில் நாள். இங்கே மழை இரண்டு தவணை. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்கு. ஒக்கி புயல் 2017 நவம்பர் 30-ல் அடித்தது. தென்மாவட்டங்களை மூழ்கடித்த பெருமழை 2023 டிசம்பர் நடுவில் வந்தது. பொங்கல் கழிந்து பங்குனி முடிவதற்குள் உள்ள காலம்தான் இடமாற்றத்துக்கு ஏற்றது. மகரஜோதியோடு அய்யப்ப சீசனும் முடிந்துவிடுவதால் மன்றத்தின் இரு தரப்புக்கும் அது ஒத்துவரும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் பாலம் ஆற்றுப் பாலமாக இருந்தால் மழைக்கு முன்பே அவர்களைத் தற்காலிகமாக மேட்டுக்குக் கொண்டுபோங்கள். பேச்சிப்பாறை அணை 48 அடியையும் பெருஞ்சாணி அணை 77 அடியையும் நெருங்கி உபரிநீர் திறக்கும்போது குழித்துறை ஆற்றங்கரையில் மைக் வைத்து எச்சரிப்பார்கள். நள்ளிரவில் தார்ப்பாய்க்குள் தூங்குகிறவர் காதில் அது விழாது. அங்கேயே இருக்கும் இரண்டு பேரின் செல்போன் எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்து வையுங்கள். இது வெள்ளத்துக்காகச் செய்யும் தற்காலிக மாற்றம், காலி செய்வது வேறு என்பதை மன்றக் குறிப்பேட்டிலும் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

கே: 15 நாள் நோட்டீஸ் இல்லாமல் இடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாமே? இந்தக் குடிசைகளுக்கும் அது பொருந்துமா? (நகராட்சி ஊழியர்)

ப: 2024 நவம்பர் 13 தீர்ப்பைச் சொல்கிறீர்கள். சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டப்பட்டவற்றுக்கு அது பொருந்தாது என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. இதைத் தெரியாமல் அங்கிருப்பவர்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அவர்களுக்கு நல்லது செய்யவில்லை.

அதற்காக நோட்டீஸே வேண்டாம் என்று ஆகிவிடாது. அரசு நிலம் என்றால் 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், அதன் பிறகே 6-ஆம் பிரிவில் அகற்றும் ஆணை. முதலில், நிலம் யாருடையது என்று வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டைப் பாருங்கள். வருவாய்த்துறைப் புறம்போக்கில் நகராட்சி நோட்டீஸ் ஒட்டுவதும், நெடுஞ்சாலைத்துறை இடத்தில் தாசில்தார் பெயரில் ஆணை போடுவதும் நீதிமன்றத்தில் முதல் நாளே விழுந்துவிடும்.

1985-ல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும். நடைபாதையை ஆக்கிரமித்திருக்க யாருக்கும் உரிமை இல்லை, ஆனாலும் அவர்கள் தரப்பைக் கேட்காமல் அகற்றக் கூடாது. மழையை எண்ணி, அக்டோபர் 31 வரை அகற்றக் கூடாது என்று தேதியும் குறித்தது. மும்பையில் அக்டோபர் கடைசியில் மழை ஓய்ந்துவிடும். நம் மாவட்டத்தில் அப்போதுதான் வடகிழக்கு வலுக்கிறது. தீர்ப்பில் உள்ள தேதியை அப்படியே எடுத்துக்கொண்டு நவம்பர் முதல் வாரத்தில் ஜேசிபியோடு போய் நின்றால், அந்தத் தேதி எதற்காகக் குறிக்கப்பட்டதோ அதையே மிதித்ததாகிவிடும்.

அகற்றும் நாளில் செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். குடும்பத்துக்கு இரண்டு சாக்கு, இரண்டிலும் ஒரே எண், அந்த எண்ணோடு ஒரு சீட்டு. மேஸ்திரியின் கரண்டி, தையல் மிஷின் தலை, செருப்புத் தைக்கும் பெட்டி போன்ற தொழில் கருவிகளை முதலில் எடுக்க விடுங்கள். பிறகு ஒவ்வொரு குடிசையிலும் கூரைக்கம்புக்கும் தார்ப்பாய்க்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள். பால் கவரில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, மழை படாத உயரத்தில் ஒரு பொட்டலம் செருகியிருக்கும். ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆஸ்பத்திரி சீட்டு, இறந்துபோன ஒருவரின் போட்டோ எல்லாம் அதில்தான். மண்வாரி இயந்திரம் முதலில் இழுப்பது கூரையைத்தான். பொட்டலம் அதோடு போய்விட்டால் அந்தக் குடும்பம் திரும்ப ஒரு சான்றிதழ் வாங்க எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்று ஊழியரான உங்களுக்கே தெரியும்.

கே: என் கடைக்கு எதிரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஓடையிலேயே காலைக்கடன், குளியல். வாடிக்கையாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார். எவ்வளவு நாள் பொறுப்பது? (கடைக்காரர்)

ப: உங்கள் புகார் நியாயமானது. காலி செய்ய மூன்று மாதம் ஆகலாம், நாற்றத்தை ஒரு வாரத்தில் நிறுத்தலாம். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டுமே நடக்காது. தனித்தனியாகக் கொடுங்கள்.

பேரிடர் முகாம்களுக்கு உலக அளவில் வைத்திருக்கும் அளவு: ஆளுக்கு நாளொன்றுக்கு குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை. அறுபது பேருக்கு 900 லிட்டர், அதாவது தினமும் நிரப்பும் 1,000 லிட்டர் தொட்டி ஒன்று. கழிப்பறை மூன்று, அதில் இரண்டு பெண்களுக்கு. தொட்டித் தண்ணீரில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, அரைமணி நேரமாவது கழித்துத்தான் திறந்துவிட வேண்டும். பவுடரை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றச் சொல்லுங்கள்.

நடமாடும் கழிப்பறையைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அறுபது பேர், நாளுக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு லிட்டர் என்றால் 720 லிட்டர். வண்டியின் அடித்தொட்டி ஆயிரம் லிட்டர் என்றால் இரண்டாம் நாளே நிரம்பி வழிந்து, ஓடையில் இருந்த நாற்றம் உங்கள் கடை வாசலுக்கு வந்துவிடும். தினமும் உறிஞ்சு லாரி வரும் என்று எழுத்தில் வாங்காமல் சம்மதிக்காதீர்கள். அதைவிடச் சுலபம், பக்கத்தில் உள்ள கட்டணக் கழிப்பறையை இரவிலும் திறந்து வைத்து இவர்களுக்கு இலவச அட்டை கொடுப்பது. ஒரு தடவைக்கு ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், நாளுக்கு இரண்டு தடவை என்றால் 50 ரூபாய், மாதம் 1,500. அதைக் கொடுக்க முடியாமல்தான் ஓடைக்குப் போகிறார்கள். வெளியே ஒரு குண்டு பல்பும் உள்ளே தாழ்ப்பாளும் இல்லாவிட்டால் பெண்கள் அந்தக் கழிப்பறைக்கும் வரமாட்டார்கள்.

மழைக்காலத்தில் அந்தத் தார்ப்பாய்களை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். நடுவில் கயிறு தளர்ந்து, தொட்டில்போல் தொங்கி, அதில் இரண்டு குடம் தண்ணீர் நிற்கும். டெங்கு கொசு முட்டையிட அது போதும், அங்கிருந்து உங்கள் கடைக்கும் வீட்டுக்கும் பறக்கும். நடுவில் முகட்டுக் கம்பு ஒன்றைக் கொடுத்து இரண்டு பக்கமும் சரித்துக் கட்டினால் தண்ணீர் நிற்காது. கம்பு வாங்கிக் கொடுப்பதை ஒரு கடைக்காரரே செய்யலாம். எலிக்காய்ச்சலும் இதே மழையில்தான் வரும். ஓடைத் தண்ணீரில் நடந்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால் மாத்திரைக் கடையோடு நிற்காமல் அரசு மருத்துவமனைக்கே போக வேண்டும்.

கே: இரவுத் தங்குமிடம் இருந்தும் ஏன் பலர் அங்கே போவதில்லை? ‘கொழுப்பு’ என்கிறார் என் மாமா. (கல்லூரி மாணவி)

ப: உங்கள் மாமாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று தங்குமிடங்கள் பெரும்பாலும் பிரிந்திருக்கின்றன. கணவன், மனைவி, பதின்மூன்று வயது மகன் என்று ஒரு குடும்பம் வந்தால் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் படுக்க முடியாது. ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டினால் ஓட்டல் வேலைக்காரர் வெளியேதான். தள்ளுவண்டியை நிறுத்த இடம் இல்லையென்றால், வண்டிதான் சோறு போடுகிறது, அதன் அடியிலேயே படுத்துக்கொள்வார். பூட்டுள்ள பெட்டி இல்லாவிட்டால் உள்ளே திருட்டுப் பயம். வேலை கிடைக்கும் சந்தைக்கோ பேருந்து நிலையத்துக்கோ நடக்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று திட்ட வழிகாட்டுதலே சொல்கிறது, ஊருக்கு வெளியே காலி நிலம் இருக்கிறதே என்று அங்கே கட்டிவிடுகிறார்கள்.

குடும்பங்களுக்குத் தடுப்பு வைத்த அறைகள், ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி, வண்டி கட்டச் சங்கிலி, எட்டு மணி நேர முறையில் மாறி மாறிக் காவலர்கள். புதுக் கட்டடத்தைவிட இவற்றுக்கு ஆகும் செலவு குறைவுதான்.

கே: பேருந்து நிலையத்தில் ஒரு அக்கா தனக்குத்தானே பேசிக்கொண்டு பல நாளாக இருக்கிறார். தமிழ் தெரியவில்லை. யாரிடம் சொல்வது? (வாசகி)

ப: காவல் நிலையத்தில். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, இப்படி அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதைக் காவல் நிலைய அதிகாரியின் கடமையாக்கியிருக்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் ‘காணாமல் போனவர்’ என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கடைசிப் பகுதிதான், அதைக் கேட்டு வாங்குங்கள். நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். பெண் காவலர் வரட்டும். கூட்டம் கூடாமல் பாருங்கள்.

திப்ரூகரிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் விவேக் எக்ஸ்பிரஸும் காத்ராவிலிருந்து வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸும் கன்னியாகுமரியில்தான் முடிகின்றன. எங்கோ ஏறியவர் இறங்கத் தெரியாமல் தண்டவாளம் முடியும் இடத்தில் வந்து நிற்கிறார். ஆகவே மொழிதான் முதல் துப்பு. அவர் பேசுவதைச் செல்போனில் ஒரு நிமிடம் பதிந்து காவலரிடமும் மருத்துவரிடமும் கொடுங்கள், சமூக ஊடகத்தில் போட வேண்டாம். அசாமியரோ ஒடியரோ வேலை செய்யும் இடங்களில் அதைப் போட்டுக் காட்டச் சொன்னால் ஊர்ப் பெயரைப் பிடித்துவிடுவார்கள். வழி தெரியாமல் தடுமாறினால் 14416 மனநல உதவி எண், நாள் முழுவதும் உண்டு.

கே: பெற்ற மகன்கள் கோயில் வாசலில் விட்டுப்போன பாட்டிக்கு ஏதாவது வழி? (சுசீந்திரம் வாசகர்)

ப: 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். மாவட்டத்தில் நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரண்டு கோட்டம். வக்கீல் தேவையில்லை. கைவிட்டுப்போனதற்கு 24-ஆம் பிரிவில் மூன்று மாதம்வரை சிறையும் உண்டு, ஆனால் பாட்டிகள் பெரும்பாலும் ‘என் பிள்ளையை ஜெயிலில் போடாதே’ என்பார்கள். அவர் வார்த்தையை மீறாதீர்கள், ஜீவனாம்ச மனு மட்டும் போதும். ஆதரவற்றோர் முதியோர் ஓய்வூதியம் 2023-ல் 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆனது, அதற்கும் விண்ணப்பியுங்கள். முதியோர் உதவி எண் 14567.

கே: முகவரியே இல்லாதவருக்கு ஆதாரும் வாக்காளர் அட்டையும் எப்படி? (தன்னார்வலர், மார்த்தாண்டம்)

ப: ஆதாருக்கு, அதற்குரிய சான்றிதழ் படிவத்தில் கவுன்சிலர், எம்.எல்.ஏ., தாசில்தார், அரசிதழ் பதிவு அதிகாரி அல்லது அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் கையெழுத்திட்டால் போதும். மூன்று மாதம்தான் செல்லும், ஆகவே பதிவு மையத்தில் நாள் வாங்கிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். போட்டோவின் மேல் பாதி, தாளின் மேல் பாதி என்று முத்திரை விழ வேண்டும். இதில்தான் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6. படுத்துறங்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், ஒன்றுக்கு மேற்பட்ட நாள் வந்து அவர் அங்கே தூங்குகிறாரா என்று பார்ப்பார். பார்த்துவிட்டால் முகவரிச் சான்று தேவையில்லை. விண்ணப்பித்தவர் அந்த நாட்களில் இடம் மாறிப் படுக்காமல் இருக்கச் சொல்லி வையுங்கள்.

பிள்ளைகளின் பள்ளிக்கு இவை எதுவும் வேண்டாம். பிறப்புச் சான்றும் மாற்றுச் சான்றும் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

கே: என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கேயும் தெருவெல்லாம் கூடாரம் என்கிறான். பணக்கார நாட்டிலேயே முடியாதது இங்கே முடியுமா? (நாகர்கோவில் வாசகர்)

ப: அங்கே 2024 ஜூனில் ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் என்ற சிறிய நகரம் தொடர்பான வழக்கில், பொது இடத்தில் படுப்பவருக்கு அபராதம் விதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது. அபராதம் கட்டக் காசு இருந்தால் அவர் வாடகை கட்டியிருப்பார். பின்லாந்து 2008-லிருந்து வேறு வழியில் போகிறது. ‘முதலில் குடியை விடு, அப்புறம் வீடு’ என்று சொல்லாமல், வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கிறார்கள். வீடற்றோர் எண்ணிக்கை அங்கே பெரிய அளவில் குறைந்தது. அறுபது பேர் உள்ள ஒரு வார்டில் அதைச் செய்துபார்க்க நமக்குப் பெரிய பணம் வேண்டியதில்லை.

கே: பிறந்தநாளுக்கு நூறு பிரியாணிப் பொட்டலம் கொடுக்க நினைக்கிறோம். சரிதானே? (குலசேகரம் வாசகர்)

ப: கொடுங்கள். ஞாயிறு மதியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்று மூன்று இடத்திலிருந்து சாப்பாடு வந்து மீதி ஓடையில் போகும். செவ்வாய், புதன் இரவு எட்டு மணிக்குக் கொண்டுபோனால் உண்மையில் பசியாறும். பல் இல்லாதவர்களுக்கு என்று பத்துப் பொட்டலம் தயிர்சாதமாக இருக்கட்டும், சர்க்கரை வியாதிக்காரர் யார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நைலான் பைக்குப் பதில் வாழையிலையில் கட்டுங்கள். சாப்பிட்ட இலையைத் திரும்ப வாங்கிப்போக ஒரு சாக்கும் எடுத்துப்போங்கள்.